செம்புவலை அறை

டீ கிளாஸை எடுக்கலாம் என்று நினைத்தார் டாக்டர் லக்ஷ்மிநாராயணன். அவர் கை மேஜையை விட்டுக் கிளம்புவதற்குள் மூலையிலிருந்த ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது.

சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். அந்த அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது புதிதில்லை. அதைக் கேட்பதுதான் அவர்களுடைய வேலையே. கழுத்துக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுக்கையில் கிடக்கிற வால்டரின் மூளையில், வலது கையை ஆட்டுவிக்கிற இடத்தில், தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளை டாக்டர்தான் பதித்திருந்தார். அங்கே ஒரு நரம்பணு துடித்தால் ஒலிபெருக்கியில் ஒரு கடுகு வெடிக்கும். வால்டர் கையை அசைக்க நினைத்தால் சட்டி முழுக்க வெடிக்கும். ஒன்றும் நினைக்காமல் கிடந்தால் எப்போதாவது ஒன்று கேட்கும்.

இப்போது வால்டர் ஒன்றும் நினைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, மத்தியானத் தூக்கத்தில் இருந்தான்.

டாக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். வைப்பதற்கு முன்பே பொரிந்தது. மறுபடி எடுத்தார். எடுப்பதற்கு முன்பே பொரிந்தது. டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் குடிக்காமல் அப்படியே ஓரமாக நகர்த்தினார்; அதற்கும் பொரிந்தது.

"ஜோசப்ராஜ், எர்த் ஒயர் லூஸா இருக்கா பாருங்கோ."

"காலையிலேயே பார்த்துட்டேன் சார். பக்காவா இருக்கு."

"இன்னொரு தரம் பாருங்கோ."

ஜோசப்ராஜ் முனகாமல் எழுந்து போனார். ராணுவ சிக்னல்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று இந்த அறைக்கு வந்த மனிதர்; காரணம் கேட்காமல் ஒரு காரியத்தைத் திரும்பச் செய்வது அவருக்குப் பழகியிருந்தது. அவர் குனிந்து ஒயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் அவருடைய முதுகையே பார்த்தார். இந்த மனுஷன் ஏதாவது செய்கிறாரோ?

அப்படித்தான் அவருக்கு முதலில் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; லக்ஷ்மிநாராயணனின் கண்ணுக்கு எல்லாமே பழுதான ஒயர், இல்லாவிட்டால் ஏமாற்றுகிற மனிதர்கள். மூளையின் சத்தத்தைக் கேட்கிற தொழிலில் அது குற்றமில்லை. மின்விசிறி ஓடினால் அதுவும் ஒலிபெருக்கியில் மூளைபோலவே பேசும். டியூப்லைட் பேசும். நோயாளி பல்லைக் கடித்தால் பேசும். ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். இந்த ஒரு முறையை நம்பித்தான் அவர் பாதி ஆயுளை ஓட்டியிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் குரங்குகளோடு ஆரம்பித்த ஆராய்ச்சி. மண்டையில் கம்பி பதித்த ஒரு கிழட்டுக் குரங்கு, விரலைக்கூட அசைக்காமல், நினைப்பாலேயே ஒரு முள்ளை நகர்த்தி வேர்க்கடலை வாங்கிச் சாப்பிட்டதை அவர் முதன்முதலில் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. பூனாவின் மற்ற டாக்டர்களுக்குச் சிரிப்பு வந்தது. 'பந்தர் டாக்டர்', குரங்கு டாக்டர், என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்கட்டிடத்தின் பின்பக்கத்தில், ஆபரேஷன் தியேட்டரை ஒட்டி ஒரு அறையைக் கொடுத்து, செய்துகொள் என்று விட்டுவிட்டார்கள். வெளி இரைச்சல் உள்ளே வராதபடி அதன் சுவர்களிலும் கூரையிலும் செம்புக் கம்பிவலை அடித்தார். வார்டு பாய்கள் அதற்கு முர்கிகானா என்று பெயர் வைத்தார்கள். கோழிக்கூடு! அவர் கண்டுகொள்ளவில்லை.

குரங்கிலிருந்து மனிதனுக்கு வர அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது. வால்டர், பூனாவின் கேம்ப் பகுதியில் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்தவன். நண்பர்களோடு கடக்வாஸ்லா ஏரிக்குக் குளிக்கப் போனவன், ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொண்டான். பேசுவான், சாப்பிடுவான், பார்ப்பான். தோளுக்குக் கீழே கொள்ளி வைத்தாலும் தெரியாது. அவனுக்காக ஜோசப்ராஜ் பிரேக் கேபிள்களாலும் ஒரு சின்ன மோட்டாராலும் ஒரு இரும்புக் கை செய்தார். வால்டர் நினைக்க வேண்டும், இரும்புக் கை மூட வேண்டும். அதுதான் கனவு.

ஆனால் அசையாத கையை அசைப்பதாக எப்படி நினைப்பது என்று வால்டருக்கு மறந்துபோயிருந்தது. டாக்டர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் அவன் முகத்துக்கு நேரே நின்று, தன் வலது கையை மெல்லத் திறந்து மூடினார்.

"இதைப் பாரு வால்டர். இது என் கை இல்லே, உன் கை. நீதான் மூடறே. நீதான் தெறக்கறே. அப்படியே நெனச்சுக்கோ."

மாதக்கணக்கில் இது நடந்தது. ஒலிபெருக்கியில் ஒன்றிரண்டாக வெடித்த கடுகு மெல்ல மெல்லப் பெருகியது. இரும்புக் கை சில நாள் மூடிக்கூடக் காட்டியது. அதற்கப்புறம்தான் புரியாத ஒன்று நடந்தது: சத்தம் இன்னும் வளர்ந்தது, இரும்புக் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "அது தகரம் டாக்டர் சாப். அதுல தொட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றான் வால்டர். ஆராய்ச்சியைப் பார்வையிட டெல்லியிலிருந்து கமிட்டி வருகிற நேரத்தில் இவன் இப்படிச் சொன்னது டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது.

எண்பத்து நாலாம் வருஷத்து மழை அது, நின்றால்தான் செய்தி. ஓட்டுக்கூரையில் இடைவிடாத இரைச்சல், ஈரக் காக்கித் துணியின் வாடை, டெட்டால், சூடேறிய மின்பெட்டிகளின் மேல் படிந்த தூசி லேசாகக் கருகுகிற நாற்றம். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் செம்புவலையின் நிழல் வால்டரின் வெள்ளைப் போர்வைமேல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

வால்டர் விழித்துக்கொண்டான். டாக்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா டாக்டர் சாப்?"

டாக்டரின் மனைவி விசாலாக்ஷிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் யாரிடமும் வீட்டுக் கதை பேசுகிறவர் இல்லை.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நேத்து கை கொதிச்சுதே. அப்புறம் அவங்க கண்ணாடி வளையல்ல ஒண்ணு ஓரத்துல தெறிச்சிருக்கு. கழட்டச் சொல்லுங்க. கீறிடும்."

டாக்டர் ஜோசப்ராஜைத் திரும்பிப் பார்த்தார். ஜோசப்ராஜ் ஒயரைப் பிடித்தபடி வால்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் தெரியவில்லை. திருட்டுத்தனம் தெரியாத முகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வானவடியில் இருந்த தன் வீட்டுக்கு அவர் அன்று சீக்கிரமே போய்விட்டார். விசாலாக்ஷி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் வந்து அவள் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பச்சை வளையல்கள். நாலாவதில், உள்பக்கமாக, எள்ளளவு ஒரு சில்லு தெறித்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் பட்டால்தான் தெரிந்தது.

"இது ஒடஞ்சிருக்குன்னு நோக்குத் தெரியுமா?"

"இல்லையே. எப்போ ஒடஞ்சுது?"

"ஜோசப்ராஜ் இங்கே வந்தாரா?"

"இந்த மழையில வானவடிக்கு யார் வருவா? என்னாச்சு உங்களுக்கு?"

அவள் பொய் சொல்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் போய் இப்படி நினைத்தோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. நேற்று அவளுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தது அவர்தான். சில்லு அவருடைய விரலில்தான் பட்டிருக்க வேண்டும். அவரே அதைக் கவனிக்கவில்லை.

விசாலாக்ஷி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். காய்ச்சலிலும் அந்தக் குறும்பு போகவில்லை.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு மூணு நாளா ராத்திரியில என்ன திடீர்னு இவ்ளோ ஆசை?"

"என்ன ஆசை?"

"நீங்க குறட்டை விட்டுண்டு தூங்கறேள். கை மட்டும் எழுந்து வந்து என் மூஞ்சியைத் தடவறது. நெத்தி, மூக்கு, காது, உதடு, ஒவ்வொண்ணா. என்னமோ மொதமொதல்ல பாக்கற மாதிரி." அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல கூட நீங்க அப்படித் தொட்டதில்லை."

அவர் தன் வலது கையை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அன்று ரசஞ்சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் ஜோசப்ராஜைக் கேன்டீனுக்கு அனுப்பினார். நர்ஸை அனுப்பினார். வார்டு பாயை வராந்தாவின் கோடியில் உட்காரச் சொன்னார். அப்புறம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

மின்விசிறியை நிறுத்தினார். கையை உயர்த்தினார். பொரிந்தது. டியூப்லைட்டை அணைத்தார். பொரிந்தது. இரும்புக் கையின் ஒயரைப் பிடுங்கினார். ஒலிபெருக்கியைச் சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்துப் பேட்டரியில் போட்டார். வால்டரின் கண்களை மடித்த துணியால் கட்டினார், "விளையாட்டா டாக்டர் சாப்?" என்று அவன் சிரித்தான். அவன் பார்க்க முடியாமல், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் சுவரோரம் நின்று சுண்டுவிரலை மட்டும் மடக்கினார். ஒற்றைக் கடுகு வெடித்தது.

அறையை விட்டே வெளியே வந்தார். நடுக்கதவைத் திறந்து வைத்து, ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, காலியாக இருந்த ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். இருட்டாக இருந்தது. ஸ்பிரிட் வாடையும் ரப்பர் வாடையும், மழையில் ஊறிய கல்சுவரின் குளிர்ச்சியும் இருந்தன. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமுன் நின்று கையைத் திறந்தார், மூடினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு முறையும், தவறாமல், கடுகு வெடித்தது.

எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

உள்ளங்கையை ஆபரேஷன் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அசைக்கமாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டார். எதையும் நினைக்கமாட்டேன். சும்மா நிற்பேன்.

குழாய் சொட்டியது. மழை.

பொரிந்தது.

ஆள்காட்டி விரல் எழுந்தது.

அவர் எழுப்பவில்லை. விரல் எழுந்து, மேஜையின் விளிம்பை மெல்லத் தட்டிப் பார்த்தது. நின்றது. பொரிந்தது. கை மணிக்கட்டோடு திரும்பி, மேஜையின் அடிப்பக்கத்தைத் தடவியது. திருகு ஒன்றைக் கண்டுபிடித்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அது மெக்கானிக்கின் விரல்.

இடது கையால் அதைப் பிடித்து இழுத்து, மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இவன் என் கையை வேவு பார்க்கவில்லை. இவன்தான் கை.

அவர் திரும்பி வந்தபோது வால்டர் கண்ணில் கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"இரும்பு சில்லுனு இருந்துச்சு டாக்டர் சாப். அடியில ஒரு போல்ட் லூஸா இருக்கு."

"விட்டுடு வால்டர்."

"எதை?"

"என் கையை விட்டுடு."

கட்டியிருந்த துணி கண்ணோரத்தில் நனைந்தது.

"நீங்கதானே டாக்டர் சாப் சொன்னீங்க, உன் கைன்னு நினைச்சுக்கோன்னு. தினம் நினைச்சேன். இப்ப நினைக்கிறதே இல்ல, தானா வருது. ரெண்டு வருஷமா எதுவுமே படல எனக்கு. தண்ணி படல, துணி படல, எங்க அம்மா கை படல. இப்ப படுது. அதை எப்படி விடுறதுன்னு எனக்குத் தெரியலயே!"

டாக்டருக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அவன் உச்சந்தலையில் நீட்டிக்கொண்டிருந்த பிளக்கைப் பிடுங்கினார். ஒலிபெருக்கி செத்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் மழை மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து கை ஒழுங்காக இருந்தது. அவர் அதை வேவு பார்த்தார். சட்டைப் பொத்தான் போட்டார், கையெழுத்துப் போட்டார், நாற்காலிக் காலில் நூல் கட்டி அறுவை முடிச்சுகளைப் போட்டுப் பழகினார். ஒரு முடிச்சும் பிசகவில்லை. படுக்கும்போது கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிக்கொண்டார். காலையில் துண்டு கலையாமல் இருந்தது. பிளக்கோடு தொல்லை போய்விட்டது என்று நம்பத் தொடங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் தியேட்டர் சாவியைத்தான் பிடுங்குவார்கள்.

அந்த நேரத்தில்தான் நீலா வந்தாள். பேங்கில் வேலை பார்க்கும் பத்மநாபனின் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மண்டைக்குள் ஒரு கட்டி வளர்ந்து கண் பார்வையை அமுக்கிக்கொண்டிருந்தது. நாள் தள்ள முடியாது. பம்பாய்க்கு அனுப்பலாம் என்றால் மலைப்பாதையில் மண் சரிந்து ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பூனாவில் அன்றைக்கு இந்த ஆபரேஷனைச் செய்ய அவரை விட்டால் ஆளில்லை.

"ரோடு திறந்திருந்தாலும் நாங்க போகமாட்டோம் டாக்டர். உங்க கைராசி ஊருக்கே தெரியும்." பத்மநாபன் சட்டென்று அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய கண்ணீர் உள்ளங்கையில் பட்டது. டாக்டர் கையை உருவிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலையில், எதற்கும் இருக்கட்டுமென்று, வால்டருக்குத் தூக்க ஊசி போடச் சொன்னார். ஜோசப்ராஜைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். வால்டர் தூங்கிவிட்டான் என்று ஜோசப்ராஜ் வந்து சொன்ன பிறகுதான் டாக்டர் கை கழுவினார்.

மழை அன்று விட்டிருந்தது. உயரமான ஜன்னல் வழியே நல்ல வெயில் தியேட்டருக்குள் விழுந்தது. மேலே பெரிய விளக்கு, பச்சைத் துணி, ரத்தக்குழாயைச் சுடுகிறபோது எழும் தீய்ந்த வாடை, ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சளப்சளப். அவர் கேட்பதற்கு முன்பே நர்ஸ் சாந்தகுமாரி கருவியைக் கையில் வைத்தாள். எலும்பை எடுத்தாயிற்று, சவ்வைத் திறந்தாயிற்று. உள்ளே நீலாவின் மூளை ஈரமாக, இளஞ்சிவப்பாக, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கை அற்புதமாக வேலை செய்தது. கட்டியின் ஓரத்தை மயிரிழை மயிரிழையாகப் பிரித்தது. இவ்வளவு சுத்தமாக அவர் செய்து நாளாகியிருந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் சந்தேகம் வந்தது.

இவ்வளவு சுத்தமாகவா?

காதைத் தீட்டிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. எப்படி இருக்கும்? பிளக்கைத்தான் பிடுங்கியாயிற்றே.

பிளக்கை.

அந்தக் கம்பிகள் ஒருநாளும் அவருடைய கைக்கு எதையும் அனுப்பியதில்லை. கேட்பதற்காகத்தான் அவர் அவற்றைப் பதித்தார். வால்டர் நினைப்பதை ஊருக்குச் சொல்ல. அவ்வளவுதான் அவற்றின் வேலை. பிளக்கைப் பிடுங்கினால் வால்டர் நிற்கமாட்டான். அவன் வருவது கேட்காது. பூனைக்குக் கட்டியிருந்த மணியை அவரே அவிழ்த்து எறிந்திருந்தார்.

அப்படியானால் இத்தனை நாளும்? அந்த முடிச்சுகள்? கலையாத துண்டு?

கையை வெளியே எடு.

எடுக்க நினைத்தார். வலிக்கும் அளவுக்கு நினைத்தார்.

கை வரவில்லை.

"டாக்டர்?" என்றாள் சாந்தகுமாரி.

தியேட்டர் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஜோசப்ராஜ், வாயைக் கைக்குட்டையால் மூடியபடி, உள்ளே வராமல் நின்றார்.

"சார், மன்னிக்கணும். வால்டர்..."

"முழிச்சுண்டானா?" டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார், நல்ல தூக்கம். தூக்கத்துலயே சிரிக்கிறான். ஏதோ கதகதன்னு இருக்காம், மெத்துன்னு இருக்காம். இவ்ளோ இதமா எதையும் தொட்டதே இல்லன்னு சொல்லிட்டே இருக்கான். அதான், உங்ககிட்ட சொல்லலாம்னு..."

டாக்டர் கீழே பார்த்தார்.

கருவி எப்போதோ பச்சைத் துணிமேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. உறை போட்ட ஆள்காட்டி விரலில் பாதியைக் காணவில்லை. நடுவிரல், அவசரமே இல்லாமல், அதன் பக்கத்தில் இடம் தேடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.